என் பெயரில் கப்பல் ஏறிய முனுசாமி

முனுசாமி இறந்துபோன செய்தி வந்தபோது நான் தோல் தரம் பிரிக்கும் கூடத்தில் இருந்தேன். ஓர் ஆட்டுத்தோலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, உண்ணி கடித்த தழும்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்பூர் ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் பெருமாள் மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றான். "முனுசாமி அண்ணன் போய்ட்டாரு. காலைல கஞ்சி குடிச்சிட்டுப் படுத்தாரு, எந்திரிக்கவே இல்ல" என்றான். முனுசாமிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்பது எனக்குத் தெரியும். நான் போய்ப் பார்க்கவில்லை.

எங்கள் முதலாளி சாயபு அதைக் கேட்டுவிட்டு உள்ளேயிருந்து வந்தார். பிறகு, "இன்னிக்கு வேலை போதும்ப்பா, எல்லாம் போங்க" என்றார். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிகளில் நின்றவர்கள் முழங்கால்வரை வெளுத்த கால்களோடு ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். நான் அந்தக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். என் தாய் இறந்த அன்றுகூட அங்கே வேலை நிற்கவில்லை. முனுசாமியோ சிறுவயதில் ஒரே ஒரு வருடம் அங்கே குழியில் இறங்கியவன், அவ்வளவுதான். செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. நான் செத்தால் இந்தக் கூடம் நிற்குமா என்ற யோசனைதான் வந்தது.

இதை மறைத்துவிட்டுப் பத்திரிகையில் அவனுக்கு அஞ்சலி எழுத என்னால் முடியாது. அவனை அறிந்த நீங்கள் பலர் இருக்கிறீர்கள். அவனைப் புகழ்வதற்கு நான் வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லக்கூடியவன் இப்போது உயிரோடு நான் ஒருவன்தான்.

என் தகப்பனார் கோவிந்தன், எனக்கு நாலு வயதாக இருக்கும்போது கூலி ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டால் தேசத்துக்குக் கப்பல் ஏறியவர். ஒப்பந்தம் தீர்ந்ததும் டர்பன் நகரத்தின் ஓரத்தில் காய்கறித் தோட்டம் போட்டு, அங்கேயே குடியிருக்கும் உரிமையும் பெற்றார். அந்நாளில் அந்தத் துறைமுகத்தில் புதிதாக ஓர் இந்தியன் இறங்குவது லேசான காரியமில்லை. உரிமை பெற்றவரின் மனைவியையும், பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகளையும் விடுவார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டியதுதான். எனக்குப் பதினைந்து நடக்கும்போது, வயது தாண்டுவதற்குள் பையனை அனுப்பு என்று கடிதம் எழுதினார். கோவிந்தன் மகன் ஏழுமலை என்று முத்திரை போட்ட சான்றை அம்மா வேலூருக்கு நாலு நடை நடந்து வாங்கிவந்தாள்.

நான் போகவில்லை. அம்மாவின் உடம்பு சரியில்லை, தனியே விட மனம் வரவில்லை என்றுதான் பிற்காலத்தில் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பாதிகூட உண்மையில்லை. நான் பயந்துவிட்டேன். கண் இமையைப் புரட்டிப் பார்ப்பார்கள், அதிகாரி கேள்வி மேல் கேள்வி கேட்பான், ஒரு பதில் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவான் என்று அங்கே போய்வந்த ஒருவர் சொன்னார். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முனுசாமி எங்களுக்கு எதிர் வீடு. தாயும் தகப்பனும் பிளேக்கில் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். என் அம்மாதான் அவனுக்கும் சோறு போட்டாள்; அவளை அத்தை என்று கூப்பிடுவான். சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று அவன் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து புண்ணாகியிருந்தது. ஒருநாள் என்னிடம் வந்து நின்றான்.

"அந்தப் பேப்பர எனக்குக் குடு ஏழுமலை. நீ போவலன்னா அது பொட்டியில சும்மாத்தானே கெடக்கும்?"

"மாட்டிக்கினா இன்னா பண்ணுவே?"

"திருப்பி அனுப்புவான். இந்தக் குழிக்குத்தானே வருவேன்? போவாம இருந்தாலும் இங்கதான் இருக்கப்போறேன்."

பதினாறு தாண்டியிருந்தும் ஒல்லியான உடம்பால் என்னைவிடச் சிறியவனாகத் தெரிந்தான். நான் தகரப் பெட்டியைத் திறந்து, என் கையால் அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "போவட்டும். அந்த மனுசன் பக்கத்துல யாராச்சும் ஒருத்தரு இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு ஒரு மாதம் அவன் நானாக மாறப் படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாற்று மணலில் உட்கார்ந்து நான் அதிகாரி போலக் கேட்பேன். வீட்டு வாசல் எந்தத் திசை? கிணறு எத்தனை அடி தூரம்? தாய்மாமன் பெயர் என்ன? நான் அறிந்ததெல்லாம் தீர்ந்தபின் அவன் என் அம்மாவிடம் போனான். என் தகப்பனாருக்குக் கோபம் வந்தால் சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்துவிடுவார் என்றும், புறப்பட்ட அன்று தூங்கிக்கொண்டிருந்த என் வயிற்றில் முகத்தை வைத்து வெகுநேரம் எடுக்காமல் இருந்தார் என்றும் அவள் அவனுக்குச் சொன்னாள். நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"இதெல்லாம் எனக்கு ஏம்மா சொல்லல?" என்றேன்.

"நீ கேக்கவே இல்லியே" என்றாள்.

அவன்மீது எனக்குப் பொறாமை பிறந்தது அந்த இடத்தில்தான்.

டர்பன் துறைமுகத்தில் நடந்ததைப் பல வருடங்களுக்குப் பிறகு அவனே எனக்குச் சொன்னான். கேள்விகள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டான். கடைசியில் என் தகப்பனாரை உள்ளே கூப்பிட்டு, இவன் உன் மகன்தானா என்று கேட்டார்கள். எனக்கு இரண்டு வயதில் கொதிக்கும் கஞ்சி கொட்டி வலது முழங்கையில் பெரிய தழும்பு உண்டு. அது அவருக்குத் தெரியாதா? அவர் முனுசாமியின் கையைப் பிடித்து, சட்டையை மேலே தள்ளி, முழங்கையைத் தடவிப் பார்த்தார். தழும்பு இல்லை. அதிகாரி பக்கம் திரும்பி, "எம் புள்ளதான் தொர" என்றார்.

வெளியே வந்து சிறிது தூரம் நடந்தபின்தான் கேட்டாராம்: "எம் புள்ள எங்கடா?"

"பயந்துட்டான்."

அவர், "சாப்ட்டியா?" என்று கேட்டு ஒரு கடைக்குக் கூட்டிப்போனாராம். அன்றிலிருந்து முனுசாமி அவரை நைனா என்று கூப்பிட்டான். அந்தச் சொல்லை என் தகப்பனாரின் முகத்தைப் பார்த்து நான் சொன்ன ஞாபகம் எனக்கு இல்லை.

பிள்ளையைப் பற்றி அவர் அம்மாவுக்கு எழுதுவார். ஏழுமலை தோட்டத்தை இரட்டிப்பாக்கிவிட்டான், இங்கிலீஷ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டான், தெருவில் யாருக்கு என்ன மனு வேண்டுமானாலும் அவன்தான் எழுதுகிறான் என்றெல்லாம் வரும். கடிதம் யார் கையிலாவது சிக்கினால் ஆபத்து என்பதால் என்னைப் பற்றி நேராக எழுத முடியாது. "எதிர் வீட்டு முனுசாமியை விசாரித்ததாகச் சொல்லவும்" என்று கடைசி வரியில் இருக்கும். என் தகப்பனார் எனக்கென்று எழுதியது வருடத்துக்கு ஒருமுறை அந்த ஒரு வரிதான். அதுவும் இன்னொருவன் பெயருக்கு.

யுத்தம் முடிந்த சமயத்தில் உலகமெல்லாம் விஷஜுரம் பரவியது நினைவிருக்கும். அதற்கு இரண்டு வருடம் கழித்து, நேட்டாலிலிருந்து திரும்பிய ஒரு பெண் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். அம்மாவின் காலில் விழுந்தாள்.

"நீங்க பெத்த புள்ள இல்லன்னா நான் இல்லம்மா. எங்க லைன் வூட்டுல பாதிப் பேரு ஜுரத்துல கெடந்தாங்க. ஒருத்தரும் கிட்ட வர்ல. ஏழுமலை அண்ணன்தான் வண்டியில தண்ணியும் கஞ்சியும் தள்ளிகினு வந்து வூடு வூடா ஊத்தினாரு. செத்தவங்களையும் அவருதான் தூக்கினாரு. இவனுக்கு அவரு பேருதான் வெச்சிருக்கேன்."

குழந்தையை ஏழுமலை என்று கூப்பிட்டாள். என் பெயர் என்பதால் என் முகம் தானாகத் திரும்பியது. அவள் என்னை அப்போதுதான் கவனித்தாள். "இவரு யாரும்மா?" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். "எதுத்த வூட்டுப் பையன். முனுசாமி" என்றாள்.

அவள் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? மறுநாள் அம்மா அழுதாள். நான் சமாதானம் செய்தேன். ஆனாலும் அந்தப் பெண் புறப்படும்போது, "ஏழுமலை அண்ணனோட தோஸ்த்துன்னா நீங்களும் நல்லவராத்தான் இருப்பீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

என் தகப்பனார் அங்கேயே இறந்தார். கொள்ளி வைத்தவன் முனுசாமி. தந்தி கிடைத்தபோது நான் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். தகப்பனுக்குத் தீட்டுக் காக்கப்போனால், எதிர் வீட்டுக்காரனுக்குத் தீட்டு ஏது என்று யாரோ அயலார் கேட்டுவிடப்போகிறார்களே என்று நினைத்தேன். சொந்த ஊரில், நான்தான் ஏழுமலை என்று எல்லோருக்கும் தெரிந்த தெருவில், எனக்கு அப்படி ஒரு நினைப்பு.

இதற்குப் பிறகுதான் அந்தத் தேசத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. பொய் சொல்லி உள்ளே வந்தவர்கள் தாமாக வந்து ஒப்புக்கொண்டால் விசாரித்து மன்னிப்பார்கள் என்றார்கள். முனுசாமியை யாரும் சந்தேகப்படவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியிருந்தான். ஊரே அவன் பின்னால் இருந்தது. சும்மா இரு என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை. அங்கே அவனுக்கு ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். "பொறக்கற புள்ளைக்குப் பொய்ப் பேருல இனிஷியல் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நேராகப் போய் உண்மையைச் சொன்னான். அந்த ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். இவன் செய்த நன்மைகளைப் பார்த்து இவன் சொன்ன பொய்யை மன்னிக்க வேண்டும் என்பதுதான் அந்த மனு.

விசாரணை என்னிடமும் வந்தது. வேலூரில் ஓர் அதிகாரி முன் நிறுத்தினார்கள். குமாஸ்தா அந்த மனுவின் தமிழை உரக்கப் படித்தார். ஜுரத்தில் கஞ்சி ஊற்றியது, பள்ளிக்கூடம், விதவைகளுக்கு எழுதிய மனுக்கள் என்று அரை மணி நேரம் படித்தார். எல்லாவற்றிலும் ஏழுமலை, ஏழுமலை என்றே இருந்தது. கடைசியில் கேள்வி வந்தது: "அந்தச் சான்றை நீர் கொடுத்தீரா, அவன் திருடினானா?"

கொடுத்தேன் என்றால் என்மீதும் வழக்கு வரலாம் என்று குமாஸ்தா முன்பே காதில் போட்டிருந்தார். அம்மாவையும் இழுப்பார்களோ என்ற கவலையும் இருந்தது. அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணம் இல்லை. வழக்குப் பயமே இல்லாவிட்டாலும், அந்த மனுவைக் கேட்டபிறகு நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"குடுக்கல சாமி. பொட்டியில இருந்துச்சி. எடுத்துகினு ஓடிட்டான்."

சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன். காட்பாடியில் ரயிலேறும்போது எனக்கு வெகுநாளைக்குப் பிறகு நல்ல பசி எடுத்தது. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஒரு வருடத்துக்குள் அவன் திரும்பி வந்துவிட்டான். அம்மாவின் பிடிவாதத்தால் நானே ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு தகரப் பெட்டியோடு இறங்கினான். என்னைப் பார்த்துச் சிரித்தான். "இன்னாடா, தலை நரைச்சிப் போச்சி" என்றான். பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். துறைமுகக் கதையையும் மற்றதையும் அப்போதுதான் சொன்னான்.

நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "நான் வேலூர்ல எழுதிக் குடுத்தத உனக்குப் படிச்சிக் காட்டினாங்களா?"

"காட்டினாங்க."

"நீ இன்னா சொன்னே?"

"ஆமான்னேன்."

எனக்குப் புரியவில்லை. அவன் நிதானமாகச் சொன்னான்: "இல்ல, அவன் குடுத்தான்னு நான் சொன்னா, சத்தியம் பண்ணிப் பொய் சொன்னதுக்கு உன்னப் புடிச்சி உள்ள போட்டிருப்பான். அத்தையும் கோர்ட்டுக்கு வரணும். எதுக்கு அந்தப் பேஜாரு? ஒரு பொய் சொல்லி உள்ள போனேன். இன்னொரு பொய் சொல்லி வெளிய வந்துட்டேன்."

பொய்க்கு மன்னிப்பு உண்டு, திருட்டுக்கு இல்லை என்று சொல்லி அவனை அனுப்பியிருக்கிறார்கள். அந்த டர்பன் அதிகாரி கெட்டவர் இல்லையாம். "நீ நல்லவன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உன்னை மன்னித்தால், சான்றைப் பறிகொடுத்து ஊரிலேயே நின்றுவிட்ட அந்த யோக்கியனுக்கு நான் என்ன பதில் சொல்வது?" என்று கேட்டாராம். அந்த யோக்கியன் நான்தான்.

"அந்தப் பொண்ணு?" என்றேன்.

"அதுக்கு வேற எடத்துல ஆயிடுச்சி" என்றான். அதற்குப் பிறகு ஒருநாளும் அவன் வாயிலிருந்து அந்தப் பேச்சு வரவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் அறிந்ததே. ஸ்டேஷனுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பினாங்குக்கும் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தான். ஜோலார்பேட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் அவனைத் தேடி வந்தார்கள். வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதச் சொன்னால் பேனாவை மூடிவிடுவான். நீ மட்டும் பொய் சொல்லிப் போனாயே என்று ஒருவன் சண்டைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"போனேன். அதனாலதான் சொல்றேன்" என்றான். "யாராச்சும் முனுசாமின்னு கூப்ட்டா திரும்பிப் பாக்காம இருக்கறதுக்கு நான் வருசக்கணக்கா பழகினேன். அந்தக் கஷ்டம் உனக்கு வேணாம்."

எங்கள் சாயபு ஒருமுறை அவனிடம் விவாதம் செய்தார். "அரே முனுசாமி, நீ எத்தினி உசிரக் காப்பாத்தினே. அந்த ஒரு பொய் அதுல கழுவிப் போவாதா?" என்றார்.

"கழுவாது சாயபு. நல்லது ஒரு பக்கம் நிக்குது, பொய் ஒரு பக்கம் நிக்குது. நான் கஞ்சி ஊத்தினப்ப எம் பொய்ய நெனச்சி ஊத்தல. பசிக்குதுன்னு ஊத்தினேன். அதப் போயி இதுக்கு அபராதமாக் கட்டினா, அது நல்லதும் இல்லாமப் போய்டும்."

சாயபு அன்றிலிருந்து அவனைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார். நான் அதே கேள்வியை எத்தனையோ வருடம் யோசித்தவன். எனக்கு அப்படி ஒரு பதில் தோன்றியதில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

என் அம்மா கடைசி நாட்களில் என்னைவிட அவனைத்தான் அதிகம் தேடினாள். என் தகப்பனாரின் பதினேழு வருடத்துப் பேச்சும் நடையும் அவனிடம்தான் இருந்தன. தினம் ஒன்று சொல்லுவான். அவள் சிரிப்பாள். அவள் இறந்தபோது கொள்ளியை யார் கொடுப்பது என்ற பேச்சே எழவிடாமல், கூட்டத்தின் கடைசியில் போய் நின்றுகொண்டான். நான் கூப்பிட்டேன். "வாணாம் ஏழுமலை. ஒண்ண எடுத்துக்கினேன். இது உன்னுது" என்றான். அவன் என்னை ஏழுமலை என்று கூப்பிடும்போதெல்லாம், இரவல் வாங்கிய பொருளைத் துடைத்துத் திருப்பித் தருவது போல இருக்கும்.

அவன் சிதையை மூட்ட உறவு என்று யாரும் இல்லை. நான்தான் மூட்டினேன். ஆம்பூரிலும் சுற்று ஊர்களிலும் அவன் எழுதிக் கொடுத்த மனுவால் பிழைத்தவர்கள் ஆற்றங்கரை முழுக்க நின்றார்கள். பெருமாள் என் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "உங்க பேப்பரத் திருடிகினு போனாரு, இல்லன்னு சொல்லல. ஆனா எவ்ளோ நல்லது பண்ணிட்டாரு. அதுக்கு அத மன்னிச்சிடக்கூடாதாண்ணா?" சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். என் முகத்தைப் பார்த்தார்கள். நான், "மன்னிச்சிட்டேன்" என்றேன். என்னைப் பெருந்தன்மைக்காரன் என்றுகூட ஒருவர் சொன்னார்.

அந்த வார்த்தையோடு வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் அதைத் தாங்கினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். முனுசாமி திருடவில்லை. நான் கொடுத்தேன். வேலூரில் நான் சொன்னது பொய். டர்பனில் அவன் சொன்ன 'ஆமாம்' என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். அவன் செய்த நன்மைகளை அடுக்கி அந்தத் திருட்டுக்கு மன்னிப்புக் கேட்கிறவர்கள் இனிமேல் கேட்க வேண்டாம்; அவனுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்படுகிறவன் நான்; என்னிடம் காட்டுவதற்கு அடுக்கிவைத்த நன்மை ஒன்றும் இல்லை.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று சொல்லி முடிக்க வேண்டும். எனக்கு மிஞ்சியது பொறாமைதான். இதைப் படித்தபிறகு நீங்கள் அவனை முன்னைவிட அதிகமாக நேசிப்பீர்கள். அது எனக்குத் தெரிகிறது, அதற்கும் வயிறு எரிகிறது. எரியட்டும் என்றுதான் இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன்.